கோப்பையின் அடியில் ஒரு முகம்

யார் வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் பார்ப்பது பாத்திரத்தின் அடிப்பக்கத்தைத்தான். டீ கொண்டுவந்து வைத்தால் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கீழே இருக்கிற தட்டைத் திருப்புவார். எவர்சில்வர் தட்டாக இருந்தாலும் விடமாட்டார். அதில் என்ன இருக்கப்போகிறது? கல்யாணத்துக்குக் கொடுத்தவர் பேர் வெட்டியிருக்கும். அதையும் படித்துவிட்டுத்தான் டீயைத் தொடுவார். ஒருமுறை ஜங்ஷன் பக்கத்து ஓட்டலில், சாம்பார் ஊற்றிய இட்லித் தட்டை வேறு எதையோ யோசித்துக்கொண்டே திருப்பிவிட்டார். வேட்டி சட்டையெல்லாம் சாம்பார். பரிமாறுகிற ஆள் துணியோடு வந்து, "பெரியவரே, எங்க கடையில இட்லிய மேல்பக்கம்தான் வைக்கிறது" என்றான்.

கடலூர் முதுநகரில் பீங்கான்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். நான் மாமா என்று கூப்பிடுவேன். முறை ஒன்றும் கிடையாது. எங்கள் பக்கம் முறை இல்லாதவர்களையும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை மாப்ள என்பார். அவருக்குப் பெண் கிடையாது, பெண்டாட்டியும் கிடையாது. ஆனாலும் நான் அவருக்கு மாப்பிள்ளை.

எனக்கு அவர் பழக்கமானது ஆட்டோவால். ஜங்ஷன் ஸ்டாண்டில் என் வண்டி நின்றது. அப்போது ஸ்டாண்டில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதை ரோடு அகலம் பண்ணும்போது வெட்டிவிட்டார்கள். மரம் போன பிறகு வெயிலில் யாரும் நிற்பதில்லை, ஸ்டாண்டே எதிர்ப்பக்கம் போய்விட்டது. அது கிடக்கட்டும். ஒருநாள் அவர் மடியில் ஒரு துணி மூட்டையை வைத்துக்கொண்டு வந்து ஏறினார். குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தார். "மெதுவாப் போ. பள்ளம் வந்தா முன்னாடியே சொல்லு" என்றார். வீட்டு வாசலில் இறங்கி மூட்டையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு பழைய பீங்கான் தட்டு. நீலம், சிவப்பு, பொன். இந்தப் பள்ளத்துக்கெல்லாம் நான் உயிரைக் கையில் பிடித்து ஓட்டியது ஒரு தட்டுக்கா என்று நினைத்தேன்.

"இது ஜப்பான்ல செஞ்சது மாப்ள. டச்சுக்காரன் கப்பல்ல வந்தது. முந்நூறு வருசம் இருக்கும்."

"அந்தக் காலத்துல எதுக்கு மாமா இங்க வந்துச்சு?"

"பரங்கிப்பேட்டையிலயும் நம்ம ஊர்லயும் அவன் கெடங்கு வச்சிருந்தான். துணி வாங்க வந்தவன், தட்டுல சோறு திங்க மாட்டானா?"

துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற ஒரு கம்பெனியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ரெண்டு அறை வீடு. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் பொரிந்து உதிரும். ஆனால் உள்ளே இருந்த கண்ணாடி அலமாரியில் ஒரு தூசி பார்க்க முடியாது. அதில் நாலு வரிசை. எந்தப் பீங்கான் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதுதான் அந்த மனிதரின் வாழ்க்கை.

மேல் வரிசை இமாரி என்கிற ஜப்பான் வகை. நெருக்கி வரைந்திருக்கும். பூ, பறவை, வேலி, மறுபடி பூ, ஒரு விரல் வைக்க இடம் இருக்காது. இமாரி என்பது செய்த ஊர் இல்லையாம், கப்பலில் ஏற்றிய துறைமுகமாம். செய்தது அரிதா என்று பக்கத்தில் ஒரு ஊரில். "பலா வெளையிறது சுத்துப்பட்டு கிராமத்துல, பேரு மட்டும் பண்ருட்டிக்குப் போவுதுல்ல, அந்தக் கதைதான்" என்பார்.

ரெண்டாவது வரிசையில் ஒரே ஒரு தட்டு. காகியேமொன். பாலாடை மாதிரி வெள்ளை. இடது ஓரத்தில் ஒரு கிளை, அதன் கீழே ரெண்டு காடை. மற்றபடி தட்டு முழுக்க ஒன்றுமே இல்லை. வரைகிறவன் பாதியில் எழுந்து சாப்பிடப் போய்விட்டானோ என்று நான் கேட்டதற்கு அவர் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே வந்து சொன்னார். "அந்தக் காலி எடத்த விடறதுக்குத்தான் மாப்ள கை வேணும். ஒரு பக்கம் இருக்கணும், ஒரு பக்கம் இருக்கக் கூடாது. அதான் காகியேமொன்."

மூணாவது வரிசை குத்தானி. சிவப்பும் பொன்னுமாக, கல்யாண வீட்டு மாமியார் மாதிரி இருக்கும். அதன்மேல் அவருக்குக் கொஞ்சம் இளக்காரம். முக்கால்வாசி வெளிநாட்டுக்கு விற்கப் பிற்காலத்தில் செய்தது என்பார். கடைசி வரிசையில் எந்த வகை என்று தீர்மானமாகாதது நிற்கும்.

அடிப்பக்கத்தை ஏன் திருப்புகிறார் என்பதையும் ஒருநாள் காட்டினார். ஜப்பான் தட்டின் அடியில் சின்னச் சின்னப் புள்ளியாகத் தழும்பு இருக்கும். சூளையில் வேகும்போது பெரிய தட்டு நடுவில் தொய்ந்துவிடாமல் இருக்க மண்ணால் முட்டுக் கொடுப்பார்களாம். வெந்த பிறகு முட்டைத் தட்டி எடுத்துவிடுவார்கள். தழும்பு நின்றுவிடும். சீனாக்காரன் இதே மாதிரி பார்த்து வரைந்த தட்டில் அந்தத் தழும்பு இருக்காதாம். "மேல எவன் வேணா வரையலாம். எதத் தாங்கி நின்னுச்சுங்கறது கீழதான் தெரியும்" என்பார்.

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. பஸ்ஸைக்கூட போர்டு படித்து ஏறமாட்டேன், வண்டி நிறத்தையும் டிரைவர் முகத்தையும் வைத்துத்தான். அது அவருக்குப் பிடித்திருந்தது. "நீ எழுத்தப் பாத்து ஏமாற மாட்ட" என்று சொல்லி, புதிதாக எது வந்தாலும் என் கையில் கொடுத்து, எந்த வரிசை என்று கேட்பார். நான் பாதி நேரம் தப்பாகச் சொல்வேன்.

மனிதர்களையும் அப்படியே வரிசையில் அடுக்குவார். மீன் மார்க்கெட்டில் சண்டை போடுகிற அம்மாவைப் பார்த்து, "இமாரி" என்பார். கட்சி வேட்டி கட்டிக்கொண்டு வந்த கவுன்சிலரை, "குத்தானி. தேய்ச்சா பொன்னு போயிடும்" என்பார். ஒருநாள், "நான் என்ன மாமா?" என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். "நீ கடைசி வரிசை. ஆனா தழும்பு இருக்கு" என்றார்.

என் சம்சாரம் இறந்தபோது அவர் வந்தார். எல்லோரும் வந்து போன பிறகு, மறுநாள் மத்தியானம் தனியாக வந்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ரொம்ப நேரம் கழித்து எழுந்து அடுப்பங்கரைக்குள் போனார். அவள் ஊறுகாய் போட்டு வைத்திருந்த பீங்கான் ஜாடியை ஏந்திக்கொண்டு வந்தார். அதைச் சாய்க்காமல் தலைக்கு மேலே தூக்கி அடியைப் பார்த்தார்.

"விருத்தாசலத்துச் சூளை. கெட்டி மண்ணு" என்றார். "ஒம் பொண்ணு வந்து பாத்திரத்தப் பிரிச்சிக்கிட்டா இதக் குடுத்துராத. உள்ள இருக்குறது தீந்தாலும் வச்சிரு."

வைத்திருக்கிறேன். மகன் திருப்பூரில் இருக்கிறான், வரும்போதெல்லாம் எதற்கு இந்தக் காலி ஜாடி என்று கேட்கிறான்.

அவர் ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று ஊரில் பல கதை இருந்தது. எனக்குத் தெரிந்தது அவரே சொன்னது. சிதம்பரம் போகிற வழியில் வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டி பஞ்சர். ஸ்டெப்னி மாட்டிக்கொண்டிருந்தேன். புளியமரத்தடியில் நின்றுகொண்டு, தானாகச் சொன்னார்.

இருபத்தெட்டு வயதில் பெண் பார்க்கச் சிதம்பரம் போயிருக்கிறார். கோயிலுக்குக் கிழக்கே ஒரு சந்து, முற்றம் வைத்த வீடு. அம்மா, தாய்மாமன், அக்காள், அத்தான் என்று ஒரு வண்டி ஜனம். பெண் தட்டில் காபி எடுத்து வந்தாள். அந்த வீட்டுத் தாத்தா ரங்கூனில் இருந்து கொண்டுவந்த கோப்பைகள், நல்ல நாளுக்கு மட்டும் எடுப்பது. இவர் ஒன்றை எடுத்திருக்கிறார். முட்டை ஓடு மாதிரி மெலிசு. வழக்கம்போல முதலில் சாசரைத் திருப்பினார். குத்தானி. பிறகு காபியை ஒரு மடக்குக் குடித்தபோது, கோப்பையின் அடிமட்டம் சமமாக இல்லை, உள்ளே மேடும் பள்ளமுமாக இருக்கிற மாதிரி தெரிந்திருக்கிறது. அப்படி ஒரு வேலைப்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார், பார்த்ததில்லை. அடியில் ஒரு பெண் முகத்தை மெலிசும் தடிப்புமாகச் செதுக்கியிருப்பார்கள், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் முகம் தெரியும்.

"அப்பறம்?"

"அப்பறம் என்ன. கொதிக்கிற காப்பிய ஒரே மூச்சுல குடிச்சேன். தோள்ல இருந்த துண்டால உள்ள தொடச்சேன். முத்தத்து வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சேன்."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது மாப்ள. ஜப்பான்காரி. தலைய இப்பிடிச் சாச்சி, கொண்டையில குச்சி சொருகிட்டு. ஒவ்வொரு முடியும் தெரியுது."

"பொண்ணு?"

நான் போல்ட்டை முறுக்கி முடிக்கிற வரைக்கும் அவர் ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுத்தாப்லதான் நின்னுருக்கு. எங்கக்கா தொடையில கிள்றா. நான் நிமுந்து பாக்கறதுக்குள்ள அவங்கப்பா எந்திரிச்சிட்டாரு. எங்க வீட்டுச் சாமானுக்கு வெல போட வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களான்னு கேட்டாரு. பொண்ணு உள்ள போயிடுச்சு. பொடவ முந்தானை மட்டும் பாத்தேன். பச்ச."

அதோடு அந்தச் சம்பந்தம் போயிற்று. பேச்சு சிதம்பரத்திலிருந்து புவனகிரி, பண்ருட்டி வரை பரவி, பொண்ணப் பாக்காம கப்பப் பாத்த மாப்பிள்ளை என்று பேராகிவிட்டது. இன்னும் ரெண்டு இடத்தில் கேட்டுப் பார்த்து, அவர் அம்மாவும் ஓய்ந்துவிட்டார்கள்.

"அந்த ஜப்பான்காரி மூஞ்சி இன்னிக்கும் அப்பிடியே கண்ணுல நிக்கிது மாப்ள. எதுத்தாப்ல நின்ன இவங்க மூஞ்சி எங்கிட்ட இல்ல" என்றார். அதை அவர் சோகமாகச் சொல்லவில்லை. அலமாரியில் ஒரு தட்டு குறைகிறது என்கிற மாதிரி சொன்னார்.

அவர் போய்ச் சேர்ந்து இப்போது மூணு மழை கடந்துவிட்டது. அக்காள் மகன் சென்னையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கட்டினான். பேப்பரில் சுற்றிச் சுற்றி ஒரே அட்டைப் பெட்டியில் போட்டான். இமாரிமேல் குத்தானி, அதன்மேல் காடைத் தட்டு. நான் வாசலில் நின்றுகொண்டு, "தம்பி, அது வேற, இது வேற. ஒன்னா வைக்க மாட்டாரு" என்றேன். அவன் கெட்ட பையன் இல்லை, வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தான். "பெருசு, எல்லாம் தட்டுதான" என்றான். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு கடைக்காரர் வேன் கொண்டுவந்து ஏற்றிப் போனார். பெட்டியை வேனில் வைக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. எது என்று நான் பார்க்கவில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது.

கடைசி ரெண்டு வருஷம் சர்க்கரையில் அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. நாள் கடந்துவிட்டது, இருக்கிறதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உருவம் தெரியும், நடை தெரியும், முகம் தெரியாது. தட்டை நகத்தால் சுண்டியும் அடிவிளிம்பை விரலால் தடவியும் வகை சொல்வார். காலையில் கொஞ்சம் தேவலை என்பார். சில நாள் என் முகம்கூடத் தெரிகிறது என்பார், நான் சவரம் பண்ணியிருக்கிறேனா என்று சொல்லி நிரூபிப்பார். பாதி நாள் சரியாகவே சொல்வார்.

அப்போதுதான் சிதம்பரத்திலிருந்து பழைய சாமான் புரோக்கர் போன் பண்ணினார். மாமா ஸ்பீக்கரில் போட்டார், நானும் கேட்டேன்.

"பீங்கான்காரரே, கீழவீதி பக்கம் ஒரு வீட்ட இடிச்சி லாட்ஜ் கட்றாங்க. வீட்டம்மாவுக்கு அவங்கப்பா வச்சிட்டுப் போன வீடு. இந்த வாரம் பெங்களூருக்கு மகன் வீட்டுக்குப் போறாங்க. பெரிசா ஒன்னும் இல்ல. ரெண்டு ஜப்பான் கப்பு இருக்கு. தூக்கிப் பாத்தா அடியில பொம்பள மூஞ்சி தெரியுது. வேடிக்கையா இருக்கு. வேணுமா?"

மாமா போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்துபோய் அலமாரி முன்னால் நின்றார்.

"நாளைக்குக் காலையிலயே கெளம்பணும் மாப்ள" என்றார். "கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கு. அவங்க ஊர விட்டுப் போறதுக்குள்ள ஒரு தடவ பாத்துர்றேன்."

"கப்பையா?"

"கப்ப நான் பாத்தாச்சு" என்றார்.

மறுநாள் வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, தோளில் துண்டு. ஆலப்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தார். புதுச்சத்திரத்தில் டீ குடிக்கலாமா என்றேன், வேண்டாம் என்றார். எப்போதும் நான் வாசலில் வண்டியோடு நிற்பேன். அன்றைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீயும் உள்ள வா" என்றார். படி தெரியவில்லை என்பதற்காக என்று நினைத்தேன்.

கதவைத் திறந்த அம்மா அறுபது தாண்டியவர். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று புரோக்கர் சொல்லியிருந்தார், வீட்டுக்காரர் தவறி நாலைந்து வருஷம். உள்ளே எல்லாம் மூட்டையும் பெட்டியுமாகக் கிடந்தது. முற்றத்துக்கு மேலே மட்டும் வெயில்.

"கப்பு பாக்க வந்தவங்கதான? உக்காருங்க. காப்பி தர்றேன். டம்ளர்லாம் கட்டியாச்சு, அந்தக் கப்பு ரெண்டுதான் வெளிய கெடக்கு. அதுலயே தர்றேன், தப்பா நெனைக்காதீங்க."

கோப்பையும் சாசருமாக எங்கள் ரெண்டு பேர் கையிலும் கொடுத்தார். நான் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாசரைத் திருப்பவில்லை. கோப்பையைத் தூக்கவில்லை. ஆற்றி ஆற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். அவருடன் சுற்றிய இத்தனை வருஷத்தில் ஒரு பாத்திரம் அவர் கையில் திரும்பாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

அந்த அம்மா எதிரே இருட்டுப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் வந்ததிலிருந்து மாமாவைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கடலூரா?"

"ஆமாம்மா. முதுநகர்."

"இன்னிக்குத் திருப்பிப் பாக்கலியா?"

மாமா கோப்பையைச் சாசரோடு என் பக்கம் நகர்த்தினார். நான் கை நீட்டி வாங்கிக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கு வாயி வெந்துருக்குமே" என்றார் அந்த அம்மா.

"ரொம்ப நாளைக்குச் சோறு எறங்கலம்மா."

"நல்லா வேணும். எங்கப்பா சாவுற வரைக்கும் உங்களத் திட்டிக்கிட்டு இருந்தாரு. எங்கம்மாதான் நெனச்சு நெனச்சுச் சிரிப்பாங்க."

"உங்களுக்கு?"

"எனக்குக் கோவந்தான். விடியக்காலையிலேருந்து தலை வாரி, பூ வச்சி, பொடவைக்கு ஊக்கு குத்தி... கோவம் இருக்காதா? அப்பறம் நீங்கல்லாம் போனப்பறம் நானும் அந்தக் கப்பக் கழுவித் தூக்கிப் பாத்தேன். அவ அழகாத்தான் இருந்தா. சரி போன்னு விட்டுட்டேன்."

மாமா வேட்டி நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தார். "நான் கப்பு வாங்க வரலம்மா. அன்னிக்கு உங்க மூஞ்சிய நான் பாக்கவே இல்ல. அது மனசுல கெடந்து அறுத்துக்கிட்டே இருக்கு. ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

இதைக் கேட்டு அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார் என்று நான் பயந்தேன். எழுந்தார். ஆனால் உள்ளே போகவில்லை. முற்றத்து ஓரமாகப் போய், வெயில் விழுகிற இடத்தில் எங்களைப் பார்த்து நின்றார். முந்தானையை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"நல்லாப் பாத்துக்குங்க. போயி லெட்டர் போடறேன்னு சொல்லக் கூடாது. புடிச்சிருக்கா இல்லியான்னு இங்கயே சொல்லிட்டுப் போவணும்."

மாமா பார்த்தார். கண்ணை இடுக்கவில்லை, கையால் மறைக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து நேராகப் பார்த்தார். தெருவில் ஒரு பூக்காரி கத்திக்கொண்டு போனாள், அவள் சத்தம் சந்து முனையில் போய் அடங்குகிற வரைக்கும் பார்த்தார்.

"புடிச்சிருக்கும்மா" என்றார்.

அந்த அம்மா சிரித்தார். கோப்பைகளைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை. வாசல் வரைக்கும் வந்து, "படி, பாத்து" என்றார்.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும், "வண்டிய ஓரங்கட்டு" என்றார் மாமா. அதே புளியமரம். நான் என்ஜினை அணைத்தேன்.

"ஒன்னுமே தெரியல மாப்ள."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நாக்காலியில உக்காந்திருந்தப்பவாவது ஒரு நெழலு தெரிஞ்சுது. வெயில்ல போயி நின்னாங்க பாரு, அதோட போச்சு. மொத்தமா வெள்ளையாயிடுச்சு. நகருங்கன்னு எப்பிடிச் சொல்லுவேன்? எனக்காகத்தான அங்க போயி நிக்கிறாங்க."

லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. வண்டி ஆடி நின்றது.

"நீ பாத்தல்ல?"

"பாத்தேன் மாமா."

"அதுக்குத்தான் ஒன்ன உள்ள கூட்டுனேன். சொல்லு."

ஒரு முகத்தை எப்படிச் சொல்வது? நான் பஸ்ஸை அடையாளம் வைத்துக்கொள்கிற மாதிரி, தெரிந்ததைத் தெரிந்த வரிசையில் சொன்னேன்.

"நெத்தி பெருசு மாமா. அதுல ஒன்னும் இல்ல. திருநீறு மட்டும் ஒரு கீத்து. முடி பூரா நரைச்சி, பின்னால இழுத்துக் கட்டியிருக்காங்க. காதுல சின்னத் தோடு. பேசறப்ப மூஞ்சி அசையறதே இல்ல. சிரிச்சா மட்டும் எடது பக்கம் போவுது. எடது ஓரத்துல ஒரு கோடு, கண்ணு கிட்ட சுருக்கம் ரெண்டு. வலது பக்கம் அப்பிடியே சும்மா இருக்கு."

அவர் கை மடியில் இருந்தது. விரல்கள், கையில் இல்லாத ஒரு தட்டின் விளிம்பைத் தடவுகிற மாதிரி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. எந்த வரிசை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். யாரைப் பார்த்தாலும் சொல்கிறவர்.

"எடது பக்கம் மட்டும்" என்றார்.

"ஆமா மாமா."

"வலது பக்கம் ஒன்னும் இல்ல."

"ஒன்னும் இல்ல."

வேட்டி மேல் விரல்கள் நின்றுவிட்டன. வெளியே ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.

நெற்றியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.